பிர்க் மொழிக்கு முப்பத்திரண்டு பேர்

உடும்பஞ்சோலைப் பக்கம் ஜோபியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள், வாய்மை தவறாத ஆள் என்று. பஞ்சாயத்துக்கு எழுதும் அபேக்ஷை மனுவோ ரேஷன் கார்டு திருத்தமோ, அவனுடைய கம்ப்யூட்டர் கடைக்கு வந்தவரை இரண்டாம் தடவை அலையவிட மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஒரே மத்தியானத்தில், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள், முப்பத்திரண்டு பொய் எழுதினான். எழுதும்போது அது பொய் என்றே அவனுக்குத் தோன்றவில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

அவன் ஏலத்தோட்ட லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா ஏசுரத்தினம் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணிப் பேர் எழுதுவது அவர் வேலை. காய்ச்சலில் படுத்தவள், பிள்ளை பெற்றவள் பேரையும் வந்ததாக எழுதிவிடுவார். பேர் போட்டுக் கொடுப்பது என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கங்காணி செத்தபோது மூன்று லயமும் அழுதது அப்படிப் போட்ட பேர்களுக்காகத்தான்.

ஜோபி பாலிடெக்னிக் முடித்துக் கடை போட்டான். கடையில் இருந்தது ஆமை வேகத்துப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி. பெரிய நிரல்மொழிகளில் எழுத உட்கார்ந்தால் அது பெருமூச்சு விடும். அப்போதுதான் பிர்க் என்ற நிரல்மொழி அவன் கண்ணில் பட்டது. பின்லாந்தில் ஐனோ என்ற பெண், ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரத்தில் தனியாளாக உருவாக்கிவருவது. பழைய பெட்டியிலும் ஓடும். தப்பு செய்தால் திட்டாது, இந்த வரியில் இதை விட்டுவிட்டாய் என்று பக்குவமாகச் சொல்லும்.

மனைவி அன்னமேரி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எடை போடுகிறவள். அவளுக்காக பிர்க்கில் ஒரு நிரல் எழுதினான். பச்சைக்காயின் எடையையும் காய்ந்தபின் எடையையும் கொடுத்தால், எந்த மூட்டை சரியாகக் காயவில்லை என்று அது சொல்லிவிடும். எழுதும்போது நடுவில் சிக்கிக்கொண்டு பிர்க்கின் இணைய மன்றத்தில் ஒரு கேள்வி போட்டான். அரை மணி நேரத்தில் ஐனோவே பதில் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: ‘உங்கள் ஊரை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், எவ்வளவு மலை!’

அந்த ஒரு வரியில் விழுந்தவன்தான். தன் ஊரைத் தேடிப் பார்க்கிற ஒருத்திக்குக் கைம்மாறாக அவளுடைய மொழியை நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கிளம்பினான். கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினான். காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிட்டு இலவசமாகச் சொல்லித் தருவதாகச் சொன்னான். “இதப் படிச்சா வேல கிடைக்குமாண்ணே?” என்று கேட்டார்கள். பதில் இல்லை. அவர்களும் மறுநாள் இல்லை.

ஒரு மொழியை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் புதியவர்கள் உள்ளே வருவார்கள் என்று எங்கோ படித்தான். பிர்க்கின் தளத்தில் ‘பயன்படுத்துவோர்’ என்று ஒரு பக்கம் உண்டு. யாரும் தங்கள் பேரைச் சேர்க்கலாம். அதில் நாலே பேர் இருந்தார்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கங்காணி மகனுக்குக் கை சும்மா இருக்குமா? அன்னமேரியில் தொடங்கி, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை யாக்கோபு, ஜீப் ஓட்டும் ரிஞ்சு என்று தெரிந்த முப்பத்திரண்டு பேரை ஊர்ப் பேரோடு போட்டான். நம்ம ஆள்கள்தானே, பேர்தானே என்று நினைத்தான்.

மூன்று மாதம் கழித்து ஐனோவிடமிருந்து கடிதம் வந்தது. பிர்க்கை மூடிவிடலாம் என்று இருந்தாளாம். அந்தப் பக்கத்தைப் பார்த்தபின் மனம் மாறிவிட்டதாம். ‘ஒரு மலையூரில் முப்பத்திரண்டு பேர் இதை நம்பியிருக்கும்போது நான் எப்படி விடுவது? திங்கட்கிழமை ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன். இனி முழுநேரமும் பிர்க்தான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லோரையும் வீடியோவில் ஒரு பத்து நிமிடம் பார்க்க வேண்டும்.’

ஜோபி கடிதத்தை இரண்டு தடவை படித்தான். உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற முப்பத்திரண்டு உயிருள்ள ஆட்களைத் திரட்டப் போனான். இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது.

“ஒரு வெளிநாட்டம்மா நம்மளப் பாக்கணுங்குது. சும்மா உக்காந்து கைய ஆட்டினாப் போதும்” என்றான். நம் சனம் மறுக்குமா? ஞாயிறு பூசை முடிந்ததும் வேதபாட அறையில் கூடிவிட்டார்கள். யாக்கோபு சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். அன்னமேரி கல்யாணப் பட்டில் முன்வரிசையில் இருந்தாள்.

திரையில் ஐனோ வந்தாள். நாற்பது வயது இருக்கும், தூக்கமில்லாத கண்கள். இத்தனை முகத்தையும் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஆங்கிலத்தில் கேட்டாள்: “பிர்க்கில் உங்களை எது ரொம்பத் தொந்தரவு செய்கிறது? தயங்காமல் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் சரிசெய்வேன்.”

எல்லோரும் ஜோபியைப் பார்த்தார்கள்.

“ஏலே, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிருலே” என்றார் யாக்கோபு.

சொல்லியிருக்கலாம். அவள் பேசுவது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. நடுவில் இருந்தவன் இவன் ஒருத்தன்தான். எது சொன்னாலும் இரண்டு பக்கமும் நம்பும். அதை நினைத்தபோதுதான் அந்தப் பொய் அவன் வாயில் வரவில்லை.

“என்னங்க கேக்குது?” என்றாள் அன்னமேரி.

ஜோபி கேள்வியை அப்படியே தமிழில் சொன்னான். பேர் போட்டதையும், அதை நம்பி அவள் நாளைக்கு வேலையை விடப் போவதையும் சேர்த்துச் சொன்னான்.

“மாமா போட்டது மாதிரின்னு நெனச்சீங்களாக்கும்” என்றாள் அன்னமேரி. “அவுக பேர் போட்டா, வராதவ பங்கையும் மத்தவக பறிச்சு நெறச்சாக. நீங்க போட்ட பேருக்கு யாரு பறிச்சா? அந்தப் புள்ள ஒத்தையா உக்காந்து பறிச்சிட்டுல்ல இருக்கு?”

ஜோபி திரைப் பக்கம் திரும்பினான். தலையை நிமிர்த்த முடியவில்லை. மேசையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

ஐனோ திரையை நெருங்கி உட்கார்ந்தாள். “நாளைக்குக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிந்தும் இவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தாய்.”

அவன் தலையை ஆட்டினான்.

“உண்மையில் எத்தனை பேர் பிர்க்கில் எழுதுகிறீர்கள்?”

“நான் ஒருத்தன்தான்.”

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தாள். “இதில் உன் பேரே இல்லையே” என்றாள்.

இல்லைதான். பெரட்டில் கங்காணி மற்றவர்கள் பேரைத்தான் எழுதுவார், தன் பேரை எழுதுவதில்லை. அப்பா கை போன வழியிலேயே மகன் கையும் போயிருந்தது. திரை அணைந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள், அவன் தணிந்த குரலில் சொன்னது காதில் விழாமல், அப்போதும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐனோ வேலையை விடவில்லை. பிர்க் இனிமேல் மெதுவாகத்தான் நகரும் என்று மட்டும் மன்றத்தில் ஒரு அறிவிப்பு போட்டாள். ஜோபியின் பேரை அதில் இழுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அன்னமேரியிடம் சொன்னான். ‘பயன்படுத்துவோர்’ பக்கத்தில் முப்பத்திரண்டு பேரும் காணாமல் போயிருந்தார்கள். பழைய நாலு பேருக்குக் கீழே ஐந்தாவதாக அவளே எழுதியிருந்தாள்: ‘ஜோபி, உடும்பஞ்சோலை. ஏலக்காய் எடை நிரல்.’

மழைக்காலம் வந்தது. ஈரத்தில் எடை முன்பின்னாகி நிரல் தகராறு செய்தது. நாலு நாள் தானே முட்டி மோதிப் பார்த்துவிட்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மன்றத்தில் கேள்வியைப் போட்டான். அரை மணி நேரத்தில் ஐனோவிடமிருந்து பதில் வந்தது. சரியான பதில், பொறுமையாக எழுதியது. அதற்குக் கீழே முன்போல ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று ஜோபி இழுத்து இழுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை.