அழுது எழுதிய விண்ணப்பம்

பயம் அவளோடு கூடவே பிறந்தது. லிஃப்ட் என்றால் பயம், மேலதிகாரி இருமினால் பயம், வீட்டுக்காரர் பத்து நிமிஷம் பிந்தினால் பயம். "உன் நிழல் எதிர்ல வந்தாக்கூட ஒதுங்கி வழிவிடுவே நீ," என்று அவர் கிண்டலடிப்பார். கிளை நூலகத்தில் புத்தகம் பதிந்து கொடுக்கிற வேலை. இப்படிப்பட்டவளுக்கு ஊரார் கதையைச் சேகரிக்கிற ஆசை எங்கிருந்து வந்ததோ, போங்கள்!

எங்கிருந்து என்ன, அம்மாவிடமிருந்துதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு வெளுத்தே ஆயுசைக் கழித்தவள் அம்மா. அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பெண்களின் பேச்சைப் பதிவு செய்து, நூலகச் சுவரில் படங்களோடு வைக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். இந்த மாதிரிக் காரியங்களுக்குச் சின்னச் சின்னதாக நிதி கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் எழுதிப் போட்டாள். வருஷா வருஷம் "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது.

மூத்த நூலகர் அவள் எழுதியதை வாங்கிப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இது, மளிகைச் சீட்டு மாதிரி? அழுத பிள்ளைக்குத்தானே பால்? கொஞ்சம் அழும்மா!"

அழுதாள். "நீராவியில் கரைந்துபோன குரல்கள்" என்று எழுதினாள். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். "துணி பிழியும் உருளையில் சிக்கி இடக்கையில் இரண்டு விரல் வளைந்துபோன ஒரு தாய், பெற்ற பிள்ளைகள் இருந்தும் கதவைத் தட்ட ஆளில்லாமல் ஒற்றை அறையில் வாழ்கிறார்" என்றும் எழுதிவைத்தாள். பச்சைப் பொய் என்று தெரிந்தேதான் எழுதினாள். அம்மா தனியாக இருப்பது நிஜம்தான். ஆனால் இவள்தான் மாசம் தவறாமல் போய்ப் பார்க்கிறாளே! சரி, தவறாமல் என்று சொல்ல முடியாது. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவை போனாள். அதற்கப்புறம் வேலை சரியாக இருந்தது.

நிதி கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடிதத்தின் அடுத்த பக்கத்தை இவள் அப்புறம்தான் புரட்டினாள். பணம் தருமுன் அறக்கட்டளை அதிகாரி நேரில் வருவார். யாரைப் பற்றிய திட்டமோ அவர்களைக் கூட்டி வைத்து, விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பார். "சரி" என்று அவர்கள் கை தூக்க வேண்டும். அந்த விதி ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான். தோற்றே பழகியவள், ஜெயித்தவர்களுக்கான விதியை என்றைக்குப் படித்தாள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "நீ வரவேண்டாம்மா. கூட்டமா இருக்கும், உனக்கு மூச்சு வாங்கும்."

"என் வேலைக் கதையைப் பேசுற இடத்துக்கு நான் வராம? நல்லா இருக்குடி நீ சொல்றது!"

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கனவில்கூட அம்மா எழுந்து நின்று, "பொய்! இவ என் மக!" என்று கத்தினாள்.

கூட்டத்தன்று அதிகாரியை வாசலிலேயே மடக்கினாள். "சார், ஒரே ஒரு வரி மட்டும் எடுத்துடலாமா?"

"எடுக்கலாமே. ஆனா அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பிக்கணும்."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பயத்திலும் ஆசை விடவில்லை பாருங்கள்!

சலவைக்கூடத்துப் பெண்கள் நாற்காலிகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முன்வரிசையில், தேய்த்த உடுப்போடு. "நீராவியில் கரைந்துபோன குரல்கள்" என்று அதிகாரி வாசித்ததும், "யார் குரல் கரைஞ்சுச்சு? இவ கூப்பிட்டா மூணாவது மாடி நோயாளி எழுந்து உட்காருவான்!" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்தாள். ஒரே சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள்.

அப்புறம் அந்த வரி வந்தது.

சிரிப்பு நின்றுபோனது. எல்லாக் கண்ணும் அம்மாவின் இடக்கைக்குப் போனது. அலமாரி ஓரத்தில் நின்றிருந்த இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இதுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

அம்மா மெல்ல எழுந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று இவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"விரல் ரெண்டு இல்லீங்க," அம்மா கையை நீட்டிக் காட்டினாள். "மூணு."

அதிகாரி திருத்திக்கொண்டார். "வேற?"

"வேற எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு."

அம்மா உட்கார்ந்தாள். மகள் இருந்த பக்கம் திரும்பவில்லை. கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது அந்த இடக்கைதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். மூத்த நூலகர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். பொய் என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்றுதானே இத்தனை நாளும் பயந்து செத்தாள்? ஒரே ஒரு வார்த்தை, பொய் என்று சொல்லியிருக்கக் கூடாதா அம்மா!