என் சிவப்புச் சட்டைக்காரர்கள்

இன்று பெரியப்பா வீட்டுக்கு வந்தார். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார்.

என் மேசையில் உலகப்போர்க் கால விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் மேல்தளம், நான் செய்த சிறு மாதிரியாக இருக்கிறது. இரண்டு விமானங்கள், சுற்றிலும் கட்டைவிரல் நகமளவு ஆட்கள். ஒரு வாரமாகப் பூதக்கண்ணாடி வைத்துச் சட்டைகளுக்கு வண்ணம் தீட்டியிருந்தேன்.

“ஏலே, இவனுகளுக்கு மட்டும் எதுக்கு செவப்புச் சட்டை?”

“குண்டு ஏத்துறவங்க பெரியப்பா. தூரத்துல இருந்தே வெடிமருந்து ஆளுன்னு தெரியணும்ல.”

“அம்புட்டுப் பேருக்குமா குடுத்தான்?”

“அம்புட்டுப் பேருக்கும். நம்ம கம்பெனியில மருந்து கலக்குறவகளுக்கும் இப்படி ஏதாச்சும் குடுக்கலாம்ல?”

“குடுக்காமலா? பாதுகாப்பு உடுப்பு எல்லாம் வாங்கி வச்சிருக்கோம்லே. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குப் போட்டுக்கிருவாக. மத்த நாள் அழுக்காயிரும்னு பீரோவுல வச்சுப் பூட்டிருவோம்.”

சொன்னதில் அவருக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை. குனிந்து என் சிவப்புச் சட்டைக்காரனைப் போனில் படமெடுத்தார்.

“இந்த சீசனுக்குப் புது வெடி ஒண்ணு போடுறோம். லேபிளுக்கு இவன் நல்லாருப்பான்லே.”

மாலைக்குள் பிரஸ்ஸிலிருந்து மாதிரி லேபிள் வந்துவிட்டது. பெரியப்பா எனக்கும் அனுப்பியிருக்கிறார். சட்டை நல்ல சிவப்பு. அந்த வெடிக்கு மருந்து கலக்கப்போகிறவர்கள், இனி தினமும் பாதுகாப்பு உடுப்பை லேபிளில் பார்த்துக்கொள்ளலாம்.

வெடிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம், என்னிடம் கேட்கிறார். ‘பீரோ’ என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.

இதைவிடப் பொருத்தமான பெயர் யாரிடமாவது இருக்கிறதா?