சமாதானம் படிக்கக் கப்பல் ஏறினேன்

நான் பொய் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

எல்லைப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போகும், போலீஸ் அடிக்கும். அந்தச் சமயத்தில்தான், போரையும் சமாதானத்தையும் பற்றிப் படிக்க எங்கள் திருச்சபை ஆறு மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது. அதில் நானும் ஒருவன்.

பக்கத்து வீட்டுக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன், கேட்டுவிட்டுச் சிரித்தான். "எலே, சமாதானம் படிக்க அம்புட்டுத் தூரம் போணுமா? பாறசாலையில நாலு அடி கிட்டினா இஞ்சயே படிக்கலாமே."

அடி அவனுக்குத்தான் கிடைத்தது. ஒருநாள் பாறசாலைச் சந்திப்பில் ஊர்வலம் வந்தபோது யாரோ போலீஸ் ஜீப் மீது கல் எறிந்தார்கள். நாங்கள் இருவரும் கடையோரம் நின்றுகொண்டிருந்தோம். நான் ஓடினேன். அவன் அகப்பட்டான். கல் எறிந்ததாகக் கேஸ்.

அவன் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

"மக்கா, அவன் ஒன்கூடயாக்கும் நின்னான்னு கோர்ட்டில வந்து ஒரு வார்த்த சொல்லு. அது போரும்."

"நாளைக்குச் சொல்லுதேன் மாமி" என்றேன்.

அவள் போனதும் அப்பா கேட்டார். "கப்பல் ஏறணுமா, கோர்ட் ஏறணுமா? ரெண்டும் நடக்காது. நீயே தீருமானி."

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை உண்டு. போராட்டத்தில் பெயர் அடிபட்டவனுக்குக் கிடைக்காது. விசாரிக்க வந்தவர், அன்று நான் அங்கே இருந்தேனா என்று மலையாளத்தில் கேட்டார்: "அன்னு நீ அவிடெ உண்டாயிருந்தோ?"

"இல்ல ஸார்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். மறுநாள் மாமியிடமும் அதையே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

ஹிரோஷிமாவில் ஒரு பள்ளிக்கூட அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். ஒரு பெண் பேசினாள். வலது கை விரல்கள் உருகி ஒட்டிப்போயிருந்தன. வீடு இடிந்து விழுந்தபோது உத்தரத்துக்கு அடியில் தங்கை கூப்பிட்டாளாம். நெருப்பு வந்தது. "நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்" என்றாள். முன்பின் தெரியாத எங்களிடம், மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, அதைச் சொன்னாள்.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் முறை வந்தது. எங்கள் ஊரில் சண்டை எதுவும் கிடையாது என்றேன். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் எழுந்து எனக்குத் தலை குனிந்து வணங்கினாள்.

அந்த வணக்கம் என்னை விட்டபாடில்லை. பஸ்ஸில் யாராவது குனிந்து எதையாவது எடுத்தால்கூட எனக்கு அவள்தான்.

நான் திரும்பி வந்தபோது அவனுக்கு ஒன்பது மாதம் தண்டனை ஆகியிருந்தது. கடல் கடந்து நல்லபடி வந்தவன் ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து பேசவேண்டும். அது எங்கள் சபை வழக்கம். அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். பலர் அழுதார்கள். பெண்கள் பக்கம் மாமி அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "அந்தப் பிள்ள, தான் ஓடினத வாய் தொறந்து சொல்லிச்சு. நீ எப்பம் சொல்லுவ, மக்கா?"

சொல்லவில்லை. அவன் வெளியே வந்ததும் குடும்பத்தோடு களியக்காவிளைக்கு அப்பால் போய்விட்டான். பிறகு மாநில எல்லையும் நடுவில் விழுந்தது. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. இப்போது அவனும் இல்லை, மாமியும் இல்லை.

கோர்ட்டில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அன்று நாங்கள் ஊர்வலத்துக்குப் போகவில்லை. பாஸ்போர்ட்டுக்காக நான் எடுத்துக்கொண்ட போட்டோவை வாங்கப் போயிருந்தோம். தடியடி தொடங்கியதும் போட்டோ இருந்த கவர் என் கையிலிருந்து விழுந்தது. நான் ஓடினேன். அவன் குனிந்து பொறுக்கினான். போலீஸ் பிடித்தபோது அவன் கையில் கல் இல்லை. என் முகம்தான் இருந்தது, மூன்று பிரதி.