சனிக்கிழமை ஊசி

மீனாம்பாள் அக்கா கெட்டுப்போனவள் என்று எங்கள் ஷூ கம்பெனி முழுக்கப் பேச்சு. பேசியவர்களுக்கு நாக்கில் நரம்பில்லை. கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வாயே இல்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கணியம்பாடிப் பக்கம் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு முப்பது வயதாகும்போது புருஷனை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஷூவின் மேல்தோல் தைக்கும் மெஷின்தான் அவளுக்கு எல்லாம். என் மெஷினுக்குப் பக்கத்து மெஷின். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர்கள் வேலையையும் சேர்த்துத் தைத்து வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். அதை வாங்கிக்கொண்டவர்கள்தான் பிறகு அவளைப் பேசினார்கள்.

ஆறு நாள் குனிந்து தைத்தால் இடுப்பு நம்முடையதாக இருக்காது. சனிக்கிழமை வேலை விட்டதும் பச்சையப்பனிடம் போவோம். எந்த டாக்டரிடமோ கம்பவுண்டராக இருந்த ஆள், இப்போது எங்கள் தெருவுக்கே டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைதான் கொடுப்பார்கள். ஊசி போடாதவர் எல்லாம் ஒரு டாக்டரா என்று ஏசிவிட்டு வருவோம். பச்சையப்பன் கேட்காமலே போடுவான், தெம்பு ஊசி. பெஞ்சில் வரிசையாக உட்காருவோம். ஒருத்திக்குக் குத்திய ஊசியை ஆவி பறக்கும் வெந்நீரில் முக்கி எடுத்து அடுத்தவளுக்குக் குத்துவான். அந்த ஆவியைப் பார்த்து எவ்வளவு சுத்தமான மனுஷன் என்று மெச்சிக்கொண்டோம். புத்திகெட்ட ஜென்மங்கள்.

நாலைந்து மாதம் முன்பு கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. எங்களில் அக்கா ஒருத்திதான் கொடுத்தாள். சில நாள் கழித்து அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் சி. ஈரலைக் கெடுக்கிற கிருமி. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் ஒட்டும். ஒன்றாகத் தின்றால் குடித்தால் ஒட்டாது. மூன்று மாதம் மாத்திரை போட்டால் பெரும்பாலும் போய்விடும். டாக்டர் சொன்னதை அக்கா அப்படியே வந்து எங்களிடம் சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். மறுநாளே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று தனி டம்ளர் வந்துவிட்டது. புருஷன் செத்து இத்தனை வருஷம் ஆன பிறகு இவளுக்கு எங்கிருந்து வந்தது ரத்த வியாதி என்று அவள் காதில் விழும்படியே கேட்டார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து வீடு வீடாக விசாரித்தார்கள். எங்கே ஊசி போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்திகூடப் பச்சையப்பன் பெயரைச் சொல்லவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டால் சனிக்கிழமை யாரிடம் போவது? ஊசி என்றாலே எனக்குப் பயம் என்று நானும் கூசாமல் சொன்னேன். அக்கா ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள். ஒருத்தி பேச்சை வைத்து அவனை ஒன்றும் செய்யவில்லை. தன் யோக்கியதையை மறைக்க நல்ல மனுஷன்மேல் பழி போடுகிறாள் என்று அதற்கும் பேசினார்கள். இப்படித்தான் எங்கள் தெருவில் அந்த வியாதி ஒரே ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சங்கீதா, நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ. உனக்கு இருக்கக் கூடாதுன்னுதான் சாமிய வேண்டிக்கிறேன். ஆனா இருந்துச்சுன்னா வெளியில சொல்லிடு. ரெண்டு பேருக்குன்னா ஊசியாலதான்னு புரிஞ்சிடும். என் பேரு மிஞ்சும்."

தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வேலூருக்குப் போய் டெஸ்ட் எடுத்தேன். இருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறாள். திரும்பி வந்து, "எனக்கு இல்லக்கா" என்றேன். என் கன்னத்தைத் தடவி, நல்லதும்மா என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், பாவி மனுஷி. அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டு அணைக்கட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே நிலக்கடலைக்குக் களை எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

பச்சையப்பனின் பெஞ்சில் இன்னும் சனிக்கிழமை இடம் கிடைப்பதில்லை. நான் போவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் இடுப்பு வலி போய்விட்டது என்கிறேன்.

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு முன்னாலிருந்து திரும்பியவள் மீனாம்பாள் அக்கா. வெயிலில் கறுத்து, பாதி உடம்பாகியிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். எப்போது தெரிந்தது என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓர் அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பொண்ணுக்கு எடம் அமைஞ்சிடுச்சா?" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"மாத்திரைய ஒரு நாளும் உடாத. பயப்படாத, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.