பாலத்தில் கொட்டிய எலும்பு

பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் தெரு ஓர் ஓடைப் பாலத்தில் போய் முடிகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தெருநாய்கள் ஏழு. காது கிழிந்த செவலைப் பெட்டை ஒன்றுதான் அவற்றுக்குத் தலைவி. அந்தப் பக்கம் சந்தை நாய்கள். அவை பாலத்தின் நடுவரை வந்து குரைக்கும், தாண்டாது. இவையும் தாண்டாது. பன்னிரண்டு வருஷமாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாயின் பல்கூட என்மேல் பட்டதில்லை.

பிறகு பாலத்தருகே ஒரு பிரியாணிக் கடை வந்தது. நடத்தியவர் எங்கள் தமிழர்தான். மதிய வியாபாரம் முடிகிற நேரத்தில் எச்சில் எலும்பை வாளியோடு கொண்டுவந்து பாலத்திலேயே கொட்டுவார். ஒரே வாரத்தில் இரண்டு கூட்டமும் அங்கே குதறிக்கொள்ள ஆரம்பித்தன. ஒரு சாயங்காலம் அந்தச் சண்டைக்குள் மாட்டிக்கொண்டேன். இடுப்பில் கட்டிய லோஞ்சி கிழிந்து, கெண்டைக்காலில் கடி. ஊசி போட்டுக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனேன்.

“எலும்ப மூடி போட்ட தொட்டில போடுங்க தம்பி. அதுங்க அடிச்சிக்கிறது உங்களாலதான்.”

“நாய் கடிச்சா நாயக் கேளுங்கக்கா,” என்று சிரித்தார். “ரெண்டு நாள் பொறுங்க. நாயே இருக்காது.”

மூன்றாம் நாள் காலையில்தான் அதன் அர்த்தம் புரிந்தது. பாலத்தில் இரண்டு பக்கத்து நாய்களும் நுரை தள்ளிக் கிடந்தன. செவலை எங்கள் வாசல்வரை வந்து செத்திருந்தது. கறியில் விஷம் வைத்ததை டீக்கடையில் உட்கார்ந்து அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடி வாங்கிய அக்காவுக்காகச் செய்தாராம். என்னைச் சாக்காக வைத்துக் கொன்றிருக்கிறார்!

பத்து நாள்கூடத் தெரு காலியாக இல்லை. எலும்பு வாசனைக்கு எங்கிருந்தோ புது நாய்கள் வந்தன. அவற்றுக்கு எங்களையும் தெரியாது, எல்லையும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் துரத்தின. எதிர்வீட்டுக்காரரின் கையைக் கிழித்தன. பிரியாணிக் கடைக்காரரோ எலும்பு கொட்டுவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் மதியம் அவர் கொட்டிவிட்டுத் திரும்பியதுமே அத்தனையையும் வாளியில் அள்ளினேன். கடைக்குள் இன்னும் நாலு மேசையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் கவிழ்த்தேன்.

“என்னக்கா, பைத்தியமா உங்களுக்கு?”

“ஆமா. இங்கயே வந்து தின்னட்டும். உங்க வாசல்லயே அடிச்சிக்கட்டும்.”

நாய்கள் வந்தன. மேசைகள் காலியாயின. மறுநாளே கடைக்குப் பின்னால் மூடி போட்ட தொட்டி நின்றது. ஒரே நாளில் முடிகிற வேலை, அதற்குள் அத்தனை உயிர் போய்விட்டது.

தெருவில் பார்த்தால் இன்றும் “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்கிறார். நான் பாலத்துப் பக்கம் திரும்பி நடந்துவிடுகிறேன்.