பதினேழாம் எண் முத்திரை

எங்கள் வட்டாரத்து டயர் கம்பெனி ஒரு தகரக் கொட்டகையில் பிறந்தது. தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. லாரிகள் பெருகின, கொட்டகை ஆலையானது, முதலாளிக்குத் தொப்பை விழுந்தது. வரலாறு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் தங்கை புருஷனின் கதை.

கடைசிச் சோதனை அவருடையது. வெந்து வரும் டயரை விரல் முட்டியால் தட்டுவார். உள்ளே ரப்பர் அடுக்கு ஒட்டாமல் விட்டிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். அந்த டயரைக் கட்டியவன் அன்று பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதைக்கூடத் தட்டியே சொல்வார். இரண்டு முறை பலித்தது. மூன்றாம் முறை சண்டை மாமியாரோடு. தேறிய டயரின் உட்புறம் தன் பதினேழாம் எண் முத்திரையைக் குத்துவார்.

அந்த ஷிப்டுக்கு சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர்.

தங்கைக்குப் பிரசவ வலி கண்ட அன்று அவள் புருஷனுக்கு லீவு மிச்சமில்லை. "நீ போ சகல, நான் பாத்துக்கறேன்" என்று இவர் அனுப்பிவிட்டு, வருகைப் பதிவில் அவர் வந்ததாகப் போட்டார். ஆலையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற உபகாரம்தான். ஆனால் வந்த ஆளின் முத்திரை விழாவிட்டால் சந்தேகம் வருமே. ஆணியில் தொங்கிய பதினேழை எடுத்து நாற்பது டயருக்கும் இவரே குத்தினார். ஒன்றையும் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் என்ன, நான் கூப்பிடுவதே அந்தக் காதில் விழாது.

அந்த நாற்பதில் ஒன்று, ஓடும் லாரியில் வெடித்தது. டிரைவருக்கு ஒரு கை போயிற்று.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். "பதினேழு யாருது?"

"என்னுதுதாங்க" என்றார் தங்கை புருஷன்.

"தட்டிப் பாத்தியா?"

அவர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பொய் வருகைக்காக இருவர் வேலையும் போகும்.

"பாத்தேங்க. என் காதுக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

அன்றே வேலை போயிற்று. மறுவாரம் தங்கை கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, மாமாவ நடந்தத சொல்லச் சொல்லு. வேலைகூட வேணாம். ஊரே எங்க வீட்டுக்காரர டமாரச் செவிடுங்குது. கை போனவர் வீட்டுல இவரத்தான் சபிக்கறாங்க."

"ஒரு வீட்டு அடுப்பாவது எரியட்டுமேடி" என்றேன். காலேஜில் பட்டம் வாங்கிய வாய் இது.

"எரியட்டும்க்கா, நல்லா எரியட்டும்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அதோடு பேச்சு நின்றது.

எந்த டயர் கடையும் தங்கை புருஷனைச் சேர்க்கவில்லை. சாகும்வரை மூட்டை தூக்கினார். கம்பெனியின் பொன்விழா மலரில் என் வீட்டுக்காரர் படத்தை 'தரத்தின் காவலர்' என்று போட்டார்கள். படித்தவள் என்று என்னிடம்தான் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினேழாம் எண்ணுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.