சலவைக்கூடத்துப் பேச்சுத்துணை

சலவைக்கூடத்தில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. ஆனால் அவள் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களிடம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், சுவர் நெடுக நீராவிக் குழாய்கள் ஓடும் கூடம் அது. மாடி வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளை இருவர் இஸ்திரி மிஷினின் சூடான உருளைக்குள் செலுத்துவார்கள். மறுபக்கம் விறைப்பாக வெளியே வருவதை இன்னும் இருவர் பிடித்து மடிப்பார்கள். அவளுக்கு வேலை மடிக்கும் பக்கத்தில். மிஷின் போடும் இரைச்சலில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அந்தத் தைரியத்தில் அவள் கடவுளோடு பேசிக்கொண்டிருப்பாள்.

பிரார்த்தனை என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணை மூடுவதில்லை, கை கூப்புவதில்லை. கைக்குத்தான் வேலை இருக்கிறதே. "ஆண்டவா, இதுல யார் படுக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிடு" என்பாள். வீட்டில் மடிப்பதைப் போலவே, விரிப்பின் ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி மடித்து அடுக்குவாள். அடுத்ததை எடுப்பாள். நடுநடுவே வீட்டுக் கதையும் வரும். மகள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனது, சமையலறைக் குழாய் சொட்டுவது, புதுச் செருப்பு கடிப்பது.

"உலகத்தையே படைச்சவருக்கு உன் செருப்புக் கதை எதுக்குடி?" என்று எதிரே நின்று மடிக்கும் தோழி கேட்பாள்.

"பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்தா எல்லாத்தையும்தானே சொல்லுவோம்?"

அவள் கணவர் வீடு வீடாகப் போய்க் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். கடவுளிடம் அவருக்கு ஒட்டும் இல்லை, பகையும் இல்லை. "எனக்குத் தெரியாத லைன்ல நான் கை வைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். சரியான வால். சாப்பிடும்போது கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, மேலேருந்து போன் வந்துது. உங்கம்மாவைக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்கிறார்" என்பாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைப்பாள். மூவரும் சிரிப்பார்கள்.

அந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்ததால் என்று நினைத்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனாள். பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். அம்மா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து வார்டுக்கு லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் விடாமல் பேசினாள். "கைவிட்டுடாதே. உன்கிட்ட இதுவரைக்கும் நான் எனக்குன்னு எதுவும் பெரிசா கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும்."

ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக, அம்மாவின் கையைப் பிடித்தபடியே மகள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கிறார்" என்றார் பக்கத்து வீட்டம்மா. "ஏன், அவருக்கு என்ன ஆள் பஞ்சமா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்காமல் அவள் வேலைக்குத் திரும்பினாள். உருளையிலிருந்து முதல் விரிப்பு வந்தது. பிடித்தாள். வழக்கப்படி வாயும் திறந்தது. சட்டென்று ஒன்று தோன்றியது. என் பிள்ளை படுத்ததும் இதில் ஒன்றில்தானே? அதற்கும் ஒரு வார்த்தை சொல்லித்தானே அனுப்பினேன்? வாயை மூடிக்கொண்டாள். மடித்தாள், அடுக்கினாள். எதிரே நின்ற தோழி காத்துக் காத்துப் பார்த்தாள். ரேடியோ பேசவே இல்லை.

"திட்டவாவது செய்யேன்டி. மனசுல வச்சுக்காதே" என்றாள் தோழி, டீ நேரத்தில்.

"திட்டுறதுக்கும் எதிர்ல ஆள் வேணுமே. அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

வீட்டிலும் அப்படித்தான். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்த கணவர், இப்போது சாப்பிடும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் விரல் படும் சத்தமும் குழாய் சொட்டும் சத்தமும்தான் கேட்கும். டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. மகளின் அறைக் கதவு சாத்தியே கிடந்தது.

மாதங்கள் இப்படியே ஓடின. ஒரு நாள் மத்தியானம் சலவைக்கூடத்தில் பாய்லர் நின்றுபோனது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. போனில் பேசுகிறார் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊர்க் குழாயெல்லாம் சரிபார்த்தவர் கடைசியில் சொந்த வீட்டுக் குழாய்க்கு வந்திருந்தார். பேச்சு அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

"உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல சார். தப்பா எடுத்துக்காதீங்க, நமக்குள்ள பழக்கம் இல்ல. என் வீட்டுக்காரி உங்ககிட்ட பேசிக்கிட்டே இருப்பாளே, அவளைப் பத்தித்தான். இப்ப பேசறதில்ல. உங்ககிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல."

ஸ்பேனர் திருகும் சத்தம். அவள் அசையாமல் நின்றாள்.

"நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நான் கேக்க வரல சார், அது எனக்குப் புரியாத விஷயம். ஆனா எங்க பாப்பா போறதுக்கு முந்தின நாள், அவ அம்மா குளிச்சிட்டு வரேன்னு வீட்டுக்கு வந்திருந்தா. நான்தான் பக்கத்துல இருந்தேன். நர்ஸம்மா புது விரிப்பு கொண்டு வந்து உதறப் போனாங்க. 'இருங்க இருங்க, குடுங்க'ன்னு பாப்பா வாங்கி நெஞ்சு மேல வச்சுக்கிட்டா. ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, 'அப்பா, இது அம்மா மடிச்சது. பேசிட்டுத்தான் அனுப்பியிருப்பா'ன்னா. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தா. அப்புறம், 'இவ்வளவு நேரம் பயமா இருந்துதுப்பா, இப்ப இல்ல. பக்கத்துல யாரோ இருக்காங்க'ன்னா. 'நான்தாம்மா இருக்கேன்'னேன். 'நீங்க இந்தப் பக்கம்ப்பா'ன்னு சொல்லிச் சிரிச்சா."

ஸ்பேனர் சத்தம் நின்றது. தண்ணீர் சொட்டியது.

"இதை நான் அவகிட்ட சொல்லல சார். சொன்னா தாங்க மாட்டாளோன்னு பயம். அந்தப் பக்கம் இருந்தது நீங்கதான்னா, நீங்களே எப்படியாவது சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

அவள் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. அவர் பதறி எழுந்ததில் தொட்டியில் தலை இடித்துக்கொண்டது. நெற்றியைத் தேய்த்தபடி வெளியே வந்தவர், சமையலறைத் தரையில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"எப்ப வந்தே?"

"எந்தப் பக்கங்க?" என்றாள். "எந்தப் பக்கத்தைச் சொன்னா?"

"ஜன்னல் பக்கம்." கையால் காட்டினார், ஏதோ அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் அங்கேயே கிடப்பதைப் போல. "அங்க ஒரு ஸ்டூல் சும்மா கிடந்துது."

அவள் அழுதாள். மகள் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தில் வழிவதைத் துடைக்காமல் இருந்தார். நெடுநேரம் கழித்து அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"பக்கத்துல வந்து உட்காரத் தெரிஞ்சுது இல்ல? அப்போ பிழைக்க வைக்கத் தெரியலையா? நான் என்ன குறை வச்சேன் உனக்கு?"

கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். 'உனக்கு' என்ற சொல் காதில் பட்டதும் நிறுத்திக்கொண்டார். அவள் அவரை ஒருமையில் கூப்பிட்டதே கிடையாது. கேள்வி தனக்கு இல்லை என்று புரிந்தது. மெல்ல எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டினாள். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். பதில் என்று எதுவும் வரவில்லை. ஆனால் சுவரோடு பேசுவதுபோல் இல்லை என்று பிற்பாடு தோழியிடம் சொன்னாள். யாரோ தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டதுபோல இருந்ததாம்.

அதன் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சலவைக்கூடத்தில் சில நாள் அவள் வாயே திறக்க மாட்டாள். சில நாள் விரிப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றுவிடுவாள். அப்போது தோழி அவள் வேலையையும் சேர்த்துச் செய்வாள். பேசும் நாட்களிலும் பேச்சு குறைந்துவிட்டது. குணமாக்கு என்று கேட்க நாக்கு எழவில்லை. "இவங்களுக்குப் பயமா இருக்கும். பக்கத்துல போய் உட்காரு" என்பதோடு அடுத்ததை எடுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணினார்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"சொல்லல. ஆனா எழுந்து போகவும் இல்ல."

அன்று சாயங்காலம் இருவருமாக மகளின் அறையைத் திறந்தார்கள். அவர் கட்டிலை நகர்த்தித் தூசி தட்டினார். அவள் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பாதி அலமாரிகூடக் காலியாகவில்லை, அவளால் முடியவில்லை. ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

"ம்" என்றாள். "ஆண்டவா" என்றாள் பிறகு, வேறு எதுவும் சேர்க்காமல்.